லைட் எரிந்தால் வயர் நல்லதா?

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்து மோட்டாரைச் செல்போனிலேயே ஓடவிடுகிறார்கள். அதைப் பார்த்து வளரும் பிள்ளையின் கையில் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணு போர்டு கிடைத்தால், மண்ணின் ஈரம் பார்த்துத் திராட்சைக் கொடிக்குத் தண்ணீர் விடும் கருவி செய்யத்தான் தோன்றும். நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், இந்த போர்டுகளை ஆறாம் வகுப்பு வரை கொண்டுவந்திருக்கிறது. ஆனால் கணினியில் செருகி, போர்ட் பட்டியலில் எதுவும் வராவிட்டால் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது: "போர்டு போச்சு." பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு. நல்ல போர்டு அலமாரிக்குள் போகிறது, கூடவே பிள்ளையின் ஆர்வமும்.

"லைட்டு எரியுதுல்ல, அப்ப வயரு நல்லாத்தானே இருக்கு!"

அப்படிச் சொல்லிவிட முடியாது. யூஎஸ்பி வயருக்குள் இரண்டு கம்பிகள் மின்சாரத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு. சார்ஜ் போட மட்டும் வரும் மலிவு வயர்கள் பலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. லைட் எரியும், ஏதோ செருகியிருக்கிறார்கள் என்பதே கணினிக்குத் தெரியாது. ஆர்டுயினோவின் யூனோ வகை போர்டுக்குப் போடும் பிரின்டர் வயரில் இந்தத் தொல்லை அரிது. செல்போன் வயர் பொருந்துகிற ஈஎஸ்பி32 போன்ற போர்டுகளில்தான் ஏமாறுவோம். அதே வயரில் செல்போனைக் கணினியோடு இணைத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' கொடுத்துப் பாருங்கள். போட்டோக்கள் தெரியவில்லை என்றால் வயரை மாற்றுங்கள்.

"டூப்ளிகேட் போர்டு, அதான் எடுக்கல."

குழப்பம் அதிகம் இதில்தான். 2005-இல் இத்தாலியின் இவ்ரியாவில் பிறந்த ஆர்டுயினோவின் வரைபடம் எல்லோருக்கும் பொது. அதைப் பார்த்து யாரும் போர்டு செய்து விற்கலாம், பெயரைத்தான் போட்டுக்கொள்ளக் கூடாது. அசல் யூனோவில் கணினியோடு பேசுவது ஏடிமெகா16யூ2 சிப். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் அந்த இடத்தில் சீனாவின் சிஎச்340 இருக்கும். அது போலி அல்ல, வேறு சிப். அதற்கென்று டிரைவர் வேண்டும். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அந்த டிரைவரைப் போடுங்கள். கணினியை ஃபார்மேட் அடிக்க வேண்டியதில்லை. உபுண்டு 22.04-இல் சிக்கல் வேறு. பார்வையற்றோரின் பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், சிஎச்340-ஐயும் பிரெயில் கருவி என்று எடுத்துக்கொண்டு போர்ட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிரெயில் கருவி இல்லாதவர்கள் அந்த மென்பொருளை நீக்கிவிடலாம்.

நிஜமான போலிகளும் உண்டு. 2014-இல், யூஎஸ்பி சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, அந்த நிறுவனத்தின் சிப்பைப் போலச் செய்த போலிகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. அசலென்று நம்பி வாங்கியவர்களின் கருவிகள் கணினிக்கு அடையாளம் தெரியாமல் போயின. போலி செய்தவர் தப்ப, வாங்கியவர் தண்டனை அனுபவித்தார். அது அநியாயம்.

"போர்ட் வந்துருச்சு, புரோகிராம் ஏறல. சிப்பு காலி."

மோட்டாரைப் போனில் ஓட்ட நினைக்கும் பிள்ளை, சிம் கார்டு போடும் ஜிஎஸ்எம் மாட்யூலைப் பெரும்பாலும் 0, 1 பின்களில்தான் சேர்க்கும். யூனோவிலும் அதைவிடச் சிறிய நானோ போர்டிலும் கணினி பேசும் பாதையும் அதுதான். அந்த இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டுப் புரோகிராமை ஏற்றுங்கள். இன்னொரு சிக்கல் மின்சாரம்: மாட்யூல் சில கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். மாட்யூலுக்குத் தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக வையுங்கள். நானோ என்றால் ஆர்டுயினோ மென்பொருளின் புராசசர் பட்டியலில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? யூனோவில் ரீசெட் பின்னைக் கிரவுண்டோடும், 0-ஐ 1-ஓடும் இணைத்து, சீரியல் மானிட்டரில் ஏதாவது தட்டி அனுப்புங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் வயர், டிரைவர், யூஎஸ்பி சிப் மூன்றும் நலம். கோளாறு பெரும்பாலும் மெயின் சிப்பிலோ, புரோகிராமை வாங்கிக்கொள்ள அதற்குள் இருக்கும் பூட்லோடர் என்ற சிறு மென்பொருளிலோதான். 5 வோல்ட் பின்னில் 12 வோல்ட் கொடுத்திருந்தால் சிப் நிஜமாகவே செத்திருக்கும். பூட்லோடர் மட்டும் போயிருந்தால் இன்னொரு யூனோவைக் கொண்டே ஏற்றிவிடலாம். மெயின் சிப்பே போயிருந்தாலும், 28 கால்களோடு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் வகை என்றால், அதை மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, பூட்லோடர் ஏற்றிய வேறொரு ஏடிமெகா328பி சிப்பைச் செருகிக்கொள்ளலாம்.