ஆண்டுதோறும் ஊசி எதற்கு?

தட்டம்மைக்குக் குழந்தைப் பருவத்தில் இரு தவணை ஊசி போட்டால், பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுதும் காப்பு உண்டு. இன்ஃப்ளுவென்சாக் காய்ச்சலுக்கோ ஆண்டுதோறும் போட வேண்டும் என்கின்றனர். இரண்டும் வைரஸால் வரும் நோய்களே. அவ்வாறாயின் இவ்வேற்றுமை எதனால்? அங்கத்தினர்கள் அறிய வேண்டிய இச்செய்தியைச் சிறிது ஆராய்வோம்.

வைரஸ் தனித்துப் பெருகாது; நம் உயிரணுவினுள் புகுந்தே தன்னைப் படியெடுக்கும். இன்ஃப்ளுவென்சா வைரஸின் மேற்புறத்தில் ஹீமக்ளூட்டினின் என்னும் புரதம் முள் முள்ளாக நிற்கிறது. ஏறத்தாழ 550 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அதன் தலையில் ஒரு சிறு குழி உண்டு. உயிரணுவின் மேலுள்ள சயாலிக் அமிலத்தை அக்குழி பற்றினாலன்றி வைரஸ் உட்புக இயலாது. நம் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் அத்தலையை அடையாளம் கண்டு ஒட்டி, வழியை மறிக்கின்றன.

படியெடுக்கையில் பிழைகள் நேர்கின்றன. அவற்றைத் திருத்தும் ஏற்பாடு இவ்வைரஸுக்கு இல்லை. பிழைகளுட் பல வைரஸையே கெடுத்துவிடும். குழி சிதைந்தால் பற்றும் ஆற்றல் போய்விடும். குழி கெடாமல் அதன் விளிம்பு மட்டும் மாறினாலோ நிலைமை வேறு. சேலையின் கரை மாறினாலும் சேலை சேலையே. கரையைக் கொண்டு அடையாளம் வைத்திருந்தவரே மயங்குவர். அதுபோல வைரஸின் தொழில் நடக்கும். பழைய எதிர்ப்பொருளுக்கு அடையாளம் தப்பிவிடும். இதில் வைரஸின் சூழ்ச்சி ஏதுமில்லை. மருந்துக்குத் தப்பிய பூச்சியே அடுத்த பருவத்தில் பெருகுவதை நம் உழவர் அறிவர், இதுவும் அத்தகையதே.

1968இல் ஹாங்காங்கில் முதலில் கண்டறியப்பட்ட எச்3என்2 வைரஸை ஆய்ந்தோர், 2003 வரை நேர்ந்த பெரிய அடையாள மாற்றங்களுக்கு முதன்மையான காரணம் ஏழே இடங்கள் எனக் கண்டு 2013இல் வெளியிட்டனர். அவ்வேழும் குழியை ஒட்டியவை. பலமுறை ஓர் அமினோ அமிலம் மாறியதே போதுமானதாயிற்று.

தட்டம்மை வைரஸும் பிழையுடன்தான் படியெடுக்கிறது. ஆயினும் எதிர்ப்பொருள்கள் ஒட்டும் அதன் முக்கிய இடங்கள், உயிரணுவினுட் புகுவதற்கும் இன்றியமையாதவை. அவற்றை மாற்றினால் அதன் பிழைப்பே கெடும். ஆகவேதான் 1954இல் பிரித்தெடுத்த வைரஸின் வழிவந்த ஊசி இன்றும் நம் குழந்தைகளைக் காக்கிறது.

இன்ஃப்ளுவென்சாவின் மாற்றங்களை 1952 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு அமைப்பு கவனித்து வருகிறது. ஊசியில் எவ்வகை வைரஸ்கள் சேர வேண்டும் என்பதை ஆண்டுக்கு இருமுறை ஆய்ந்து அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. காலம் செல்லச் செல்ல ஊசியின் காப்புத் தேய்வதும் ஆண்டுதோறும் போடுவதற்கு மற்றொரு காரணமாகும்.

எனவே, சென்ற ஆண்டு போட்ட ஊசி வீணாயிற்று என எண்ண வேண்டா. ஊசி நோயை முற்றும் தடுக்காவிடினும் அதன் கடுமையைக் குறைக்கும். முதியோர், கருவுற்ற தாய்மார், நீரிழிவும் நெஞ்சக நோயும் உடையோர் ஆகியோருக்கு இக்காய்ச்சல் உயிருக்கே கேடாகலாம். அத்தகையோர் நம் இல்லங்களில் இருப்பின், காலந்தாழ்த்தாது மருத்துவரைக் கலந்து ஆவன செய்வோமாக.