கட்டளைக்குக் காத்திருந்த கணினி

நுழையும்முன்

கைப்பேசியை இயக்கியதும் வண்ணப் படங்கள் வரிசையாகத் தோன்றுகின்றன; வேண்டியதைத் தொட்டால் போதும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பள்ளி மாணவர்கள் கண்ட கணினித்திரையில் ஓரிரு வரிகளும் ஒரு சிறு குறியும் மட்டுமே இருந்தன. அடுத்து நிகழ வேண்டியதை மாணவரே எழுதவேண்டும். அத்தகைய கணினி ஒன்றைப் பற்றி அறிவோம்.

பாடம்

இங்கிலாந்தின் பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனம், பொதுமக்களுக்குத் தொலைக்காட்சி வழியாகக் கணினியைக் கற்பிக்க விரும்பியது. பார்ப்பவர்கள் வீட்டிலேயே பயிற்சி செய்ய ஏற்றதொரு கணினியையும் தேடியது. கேம்பிரிட்ஜ் நகரின் ஏகார்ன் என்னும் சிறு நிறுவனம் அவ்வாய்ப்பை நாடியது. சோபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் முதலிய இளைஞர்கள் இரவுபகலாக உழைத்து, ஒரு வாரத்திற்குள் மாதிரிக் கணினியை இயக்கிக் காட்டினர். 1981 டிசம்பரில் 'பி.பி.சி. மைக்ரோ' வெளிவந்தது.

அதன் நுண்செயலி 6502 வகையைச் சார்ந்தது; வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். 'ஏ' வகைக் கணினியில் 16 கிலோபைட் நினைவகமும், 'பி' வகையில் 32 கிலோபைட் நினைவகமும் இருந்தன. வீட்டுத் தொலைக்காட்சியே திரையாக உதவியது. எழுதிய நிரல்களை ஒலிநாடாவில் சேமித்தனர். பேசிக் என்னும் நிரல்மொழி கணினிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது.

நினைவகம் சிறிதாகையால் சிக்கனம் இன்றியமையாததாயிற்று. மிக நுண்ணிய காட்சிக்குத் திரை மட்டுமே 20 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். எளிய எழுத்துக் காட்சிக்கு 1 கிலோபைட் போதும். நுண்ணிய காட்சி வேண்டுமா, நீண்ட நிரல் வேண்டுமா என்பதை எழுதுபவரே முடிவு செய்தார். இவ்வாறு எண்ணிப் பார்த்துச் செலவிடும் பழக்கத்தைக் கணினியே கற்பித்தது.

நடுவண் அரசு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் திட்டத்தின் வழியாக இக்கணினி இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது.

பின்னர் வில்சனும் ஃபர்பரும் புதிய செயலி ஒன்றை வடிவமைத்தனர். அது இயங்கும் முறையை முதலில் பி.பி.சி. மைக்ரோவிலேயே நிரலாக எழுதிச் சோதித்தனர். 'ஆர்ம்' எனப்பட்ட அச்செயலி 1985இல் இயங்கியது. அதன் வழிவந்த செயலிகளே இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ளன. மாணவர்களே! நீங்கள் தொட்டு மகிழும் திரைக்குப் பின்னே, சிறிய நினைவகத்தில் சிந்தித்துப் பழகியவர்களின் உழைப்பு இருக்கிறது. கருவியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அது இயங்கும் வகையையும் கேட்டறியுங்கள்.

சொற்பொருள்

நாடியது – விரும்பித் தேடியது
சிக்கனம் – அளவறிந்து செலவிடுதல்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
நடுவண் – மத்திய

பயிற்சி

1. பிரித்து எழுதுக: அவ்வாய்ப்பு, அச்செயலி.
2. 'பி' வகைக் கணினியில் நுண்ணிய காட்சியைத் தேர்ந்தெடுத்தால், திரைக்குப் போக எஞ்சும் நினைவகம் எவ்வளவு?
3. 'சிக்கனத்தைக் கணினியே கற்பித்தது' – விளக்குக.
4. உங்கள் வீட்டுப் பெரியவர் முதன்முதலில் கணினியைக் கண்ட நிகழ்வைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.