பாறை ஊரில் கீபோர்டு கச்சேரியா?

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் மண்டகப்பட்டில் இருக்கிறது. அங்கிருந்து செஞ்சி வரை குன்றும் பாறையும் நிறைய. அதனால் அங்கே திருவிழா மேடையில் ஸ்பீக்கரைப் பாறைக்கு நேராகத் திருப்பாதீர்கள். சத்தம் மோதித் திரும்பி, தாளம் இரண்டாகக் கேட்கும். ஸ்டாண்டில் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேலே, கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். பாடுபவரின் மைக், ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்தால் ‘கூய்’ என்ற அலறல் குறையும்.

கீபோர்டிலிருந்து மிக்சருக்கு ஒரே வயர்தானா? கீபோர்டின் பின்னால் ‘எல்/மோனோ’ துளையில் செருகுங்கள். வலது துளையில் மட்டும் செருகினால் ஒரு பக்க ஒலிதான் வரும். கீபோர்டு வால்யூமை முக்கால் அளவில் வைத்து, மிக்சரில் கெயினை மெல்ல ஏற்றுங்கள். சிவப்பு விளக்கு மின்னினால் இறக்குங்கள்.

‘உம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரன்ட் எடுத்துப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் ஒடிக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

ஸ்பீக்கர் சுவிட்சைக் கடைசியில் போடுங்கள், முதலில் அணையுங்கள். ஒலிபெருக்கிக்கு முன்அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்குள் கச்சேரியை முடித்துவிடுங்கள்.