பித்தளைத் தோட்டாவும் குதிரை லாயமும்

மெட்டலர்ஜி பாடத்தில் 'சீசன் கிராக்கிங்' என்று ஒரு வரி வரும். இரண்டு மார்க் கேள்விதானே என்று மனப்பாடம் பண்ணிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அந்தப் பெயர் பிறந்தது நம் நாட்டு மழைக்காலத்தில்!

வெள்ளைக்காரர் ஆட்சியில் மழை சீசன் வந்தால் பட்டாளத்துக்கு வேலை குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைப்பார்கள். மழை முடிந்து எடுத்தால் பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டிருக்கும். முக்கியமாக, குண்டைப் பிடிக்க வாயை நெருக்கிக் கிரிம்ப் செய்த இடத்தில். யாரும் சுடவில்லை, சும்மா கிடந்த பொருள்!

1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். கூடு 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். டையில் குளிர்நிலையிலேயே இழுத்து இழுத்துக் குழலாக்குவதால் உள்தகைவு தங்கிவிடுகிறது. குதிரை மூத்திரத்தின் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து பெரும்பாலும் படிக மணிகளின் எல்லை வழியே உள்ளே போகும். தகைவு, அம்மோனியா இரண்டும் கூடினால்தான் வினை.

படிக்காத எங்க அப்பாவிடம் இதைச் சொன்னேன். "மாட்டு மூத்திரம்னாலும் அப்படித்தானே ஆகும்?" என்று கேட்டார். எங்க வகுப்பில் யாருக்கும் தோன்றாத கேள்வி! ஆமாம், அதிலும் யூரியா சிதைந்து அம்மோனியா வரும்.

தீர்வு சுலபம். சுமார் 260 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் தகைவு தணியும், கடினம் அதிகம் குறையாது.

ஐஸ் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்கள் அம்மோனியா லைனில் பித்தளை வால்வு மாட்டிவிடாதீர்கள். அங்கே இரும்பும் ஸ்டீலும்தான்.