மழையும் விட்டிலும்

குறள் 732-க்கு உரை வகுத்த பரிமேலழகர், நாட்டிற்கு வரும் கேடுகளுள் மிகுமழையை ஒன்றாகவும் விட்டிலைப் பிறிதொன்றாகவும் எண்ணுகின்றார். முன்னது பின்னதை ஈன்றதை நாம் அண்மையிற் கண்டோம்.

பாலைவன வெட்டுக்கிளி ஈரமணலில் முட்டையிடுவது. வறண்ட ஆண்டுகளில் தனித்துத் திரியும், தீங்கு பெரிதன்று. 2018 மே திங்களில் மெகுனு, அக்டோபரில் லுபான் என இரு புயல்கள் அரேபியாவின் ரூபுல் காலிப் பாலையை நனைத்தன. மணற்குன்றுகளிடையே ஏரிகள் தோன்றின, பசுமை படர்ந்தது. ஆளரவமற்ற அவ்விடத்தே ஒன்பது திங்களில் மூன்று தலைமுறைகள் பெருகின. நெருக்கம் மிகவே, நிறமும் குணமும் திரிந்து கூட்டமாயின. (கூட்டம் சேர்ந்தால் குணம் மாறுவது மனிதர்க்கு மட்டுமன்று போலும்!) பின்னர்க் காற்றின் போக்கிலே, நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் வரையிலும் பறந்து, ஏமனையும் ஏடன் வளைகுடாவையும் கடந்து, 2019 டிசம்பரில் கென்யாவை எட்டின. 70 ஆண்டுகளில் அந்நாடு காணாத படையெடுப்பு அது.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டம் ஒரே நாளில் 35,000 பேருக்குரிய உணவைத் தின்றுவிடும். கென்ய உழவரின் நிலத்தில் அவ்வாண்டு மழைக்குக் குறைவில்லை. அவரை வருத்திய மழையோ, ஓராண்டுக்கும் முன்னர் வேற்று நாட்டில் பெய்தது. பாலையில் மழை விழுந்ததைச் செயற்கைக்கோள் காட்டிவிடும். சிறகு முளையாத குஞ்சுகளைத் தேடி அழிக்க மனிதரே செல்லல் வேண்டும். ஏமனில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது.