வேக்குவம் பிரேக்கர்: புதிதாக வருபவர்களுக்கு எட்டு அறிவுரைகள்

துணை மின் நிலையத்தில் வேலைக்குச் சேரும் தம்பி, தங்கைகளிடம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுகிறார்கள்: “வேக்குவம் பிரேக்கருக்கு மெயின்டனன்ஸே வேண்டாம்.” எண்ணெய் பிரேக்கர் காலத்தில் சில ஃபால்ட்டுகளை அறுத்ததுமே எண்ணெய் கறுத்துவிடும், வடிகட்டவோ மாற்றவோ வேண்டும். அந்த வேலை ஒழிந்தது உண்மை. மற்ற வேலைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 11, 22, 33 கே.வி. ஃபீடர்களைக் கையாளப்போகிறவர்கள் கீழே உள்ளவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

1. கான்டாக்டுகளை அடைத்து வைத்திருக்கும் வேக்குவம் பாட்டிலுக்குள் நடப்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். அங்கே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. செம்பும் குரோமியமும் கலந்த இரண்டு கான்டாக்டுகள் விலகும்போது, அவற்றிலிருந்து எழும் உலோக ஆவியில்தான் ஆர்க் எரிகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அப்படி ஒரு பூஜ்யத்தில் ஆவி சட்டென்று உலோகத்தில் படிந்துவிடும். ஆர்க் மறுபடி பிடிக்க அங்கே எதுவும் மிஞ்சாது. அதனால்தான் 11 கே.வி.க்கு ஏறத்தாழ 10 மி.மீ. இடைவெளியே போதுமானதாக இருக்கிறது.

2. பேட்டரி அறையிலிருந்து நாளைத் தொடங்குங்கள். ஃபால்ட்டை ரிலே கண்டுபிடித்தாலும், ட்ரிப் காயிலுக்கு டி.சி. வந்தால்தான் பிரேக்கர் திறக்கும். 110 வோல்ட் பேட்டரி என்றால் வரிசையாக 55 லெட் ஆசிட் செல்கள். அதில் ஒரே ஒரு இணைப்பு அரித்து விட்டுப்போனாலும் சார்ஜர் நின்ற நேரத்தில் டி.சி. இல்லை. அப்போது 11 கே.வி. பிரேக்கரும் திறக்காது, அதே பேட்டரியை நம்பியிருக்கும் 110 கே.வி. பிரேக்கரும் திறக்காது. எரியப்போவது பவர் டிரான்ஸ்பார்மர். செல் வோல்டேஜ், கிராவிட்டி, டிஸ்டில்டு வாட்டர் மட்டம் மூன்றையும் நீங்களே பாருங்கள். நேற்றைய அளவைப் பார்த்து இன்றைய கட்டத்தை நிரப்பாதீர்கள். பேனலில் ட்ரிப் சர்க்யூட் ஹெல்தி விளக்கு எரிகிறதா என்பதையும் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் சோதியுங்கள்.

3. ஸ்பிரிங்கை மதியுங்கள். சார்ஜ் ஆன ஸ்பிரிங் விரலைத் துண்டித்துவிடும். மெக்கானிசத்தில் கை வைக்கும் முன் பிரேக்கரை இருபுறமும் லைனிலிருந்து பிரியுங்கள். மோட்டார் சப்ளையை நிறுத்துங்கள். பிறகு ஒருமுறை குளோஸ், ஒருமுறை ட்ரிப் கொடுத்து இரண்டு ஸ்பிரிங்குகளையும் தளர்த்துங்கள். இண்டிகேட்டரைக் கண்ணால் பார்த்த பிறகே கிரீஸ் டப்பாவைத் திறங்கள். கையேடு சொல்லும் கிரீஸை மட்டும் போடுங்கள். மாதக்கணக்கில் அசையாமல் இருந்த பிரேக்கர் ட்ரிப் ஆக மறுத்தால், இறுகிப்போன பழைய கிரீஸும் சந்தேகிக்க வேண்டியதுதான்.

4. இன்சுலேஷனை அளக்கும் மெக்கரை மட்டும் வைத்துப் பாட்டிலுக்கு நற்சான்று கொடுக்காதீர்கள். காற்றுப் புகுந்துவிட்ட பாட்டிலிலும் அந்த 10 மி.மீ. இடைவெளி 5,000 வோல்ட்டைத் தாங்கிவிடும். மெக்கர் நல்ல அளவையே காட்டும். வேக்குவம் இருக்கிறதா என்று அறியத் திறந்த கான்டாக்டுகளுக்கு இடையே ஹை வோல்டேஜ் சோதனை செய்ய வேண்டும். 12 கே.வி. தரத்தில் ஒரு புதிய பிரேக்கர் 28 கே.வி.யை ஒரு நிமிடம் தாங்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதற்குக் கையேட்டில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். இந்தச் சோதனையின்போது எக்ஸ் கதிர் வெளிப்பட வாய்ப்புண்டு. கையேடு சொல்லும் தூரத்துக்குத் தள்ளி நில்லுங்கள்.

5. தேய்மானத்தை அளந்து எழுதுங்கள். கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸை 100 ஆம்பியர் டி.சி. செலுத்தி மைக்ரோ ஓமில் எடுங்கள். மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்றும் சென்ற ஆண்டு அளவோடும் ஒப்பிடுங்கள். கான்டாக்ட் தேய்மானம் பல பாட்டில்களில் 3 மி.மீ. வரைதான் அனுமதி. கவுன்டர் எண்ணையும் ஃபால்ட் ட்ரிப்புகளையும் தனித்தனியாகப் பதியுங்கள். 10,000 முறை இயங்கக்கூடிய பிரேக்கரும் முழு ஷார்ட் சர்க்யூட்டை அறுப்பது அதில் மிகச் சில முறைகளே.

6. மோட்டார், டிரை டைப் டிரான்ஸ்பார்மர் ஃபீடர்களில் கூடுதல் கவனம் வையுங்கள். சிறிய இண்டக்டிவ் மின்னோட்டத்தை வேக்குவம் பூஜ்யத்துக்குச் சில ஆம்பியர் முன்பாகவே வெட்டிவிடும். அதனால் எழும் வோல்டேஜ் சர்ஜ் வைண்டிங்கின் இன்சுலேஷனைத் தாக்கும். சர்ஜ் அரெஸ்டரோ ஆர்.சி. சப்ரஸரோ அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பழுதானதைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள்.

7. ட்ரிப் ஆனதும் சுவிட்சைத் திருப்ப ஓடாதீர்கள். ரிலே ஃப்ளாக்கைப் பார்த்து, எழுதி, பிறகு ரீசெட் செய்யுங்கள். எர்த் ஃபால்ட் என்றால் அறுந்த கம்பி தெருவில் கிடக்கலாம். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை நிற்கலாம். நுகர்வோர் போனில் திட்டுவார்கள், பரவாயில்லை. உயிர் போனால் திரும்பாது.

8. பிரேக்கர் திறந்திருப்பதை நம்பி யாரையும் லைனில் ஏற்றாதீர்கள். உள்ளே கான்டாக்ட் விலகியதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. லைனில் வேலை செய்வதற்கான அனுமதியை, அதாவது லைன் கிளியரை, கொடுக்கும் முன், உள்ளரங்கப் பேனல் என்றால் பிரேக்கர் இருக்கும் டிரக்கை வெளியே இழுங்கள். வெளிப்புற யார்டு என்றால் ஐசொலேட்டர் கத்திகள் மூன்றும் திறந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். பூட்டுங்கள், போர்டு மாட்டுங்கள், டிடெக்டரால் சோதியுங்கள், எர்த் செய்யுங்கள். வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் எர்த் ராடு இருக்க வேண்டும்; ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்தும் பேக்ஃபீட் வரலாம். லைன் கிளியரை எழுத்தில் கொடுத்து, வாங்கியவர் கையெழுத்தோடு திரும்பப் பெற்ற பிறகே சார்ஜ் செய்யுங்கள். போனில் “முடிஞ்சுது சார்” என்று ஒரு குரல் சொன்னால் அது போதாது.

வேக்குவம் பிரேக்கர் நல்ல கருவி. எண்ணெய் இல்லாததால் தீ அபாயம் குறைவு, எஸ்.எஃப்.6 போலப் பூமியைச் சூடேற்றும் வாயுவும் அதற்குள் இல்லை. ஆண்டு முழுவதும் சும்மா நிற்கும் அந்தக் கருவிக்கு ஃபால்ட் வரும் நொடியில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அந்த நொடிக்கு அதைத் தயாராக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. நாளை டியூட்டிக்குப் போனதும் முதல் வேலையாகப் பேட்டரி அறைக்குப் போங்கள்.