கர்ப்பிணித் தாயும் இன்புளுவென்சா தடுப்பூசியும்: வீட்டில் கூடிப் பேசி முடிவெடுப்பதற்கான பாடம்

சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்களுக்குக் கிணறு, கூரை, வேலி என்று வேலைகள் வரிசையில் நிற்கும். அந்த நெருக்கடியில் வீட்டிலுள்ள கர்ப்பிணியின் உடல்நலம் பின்னுக்குப் போய்விடுவதுண்டு. இந்தப் பாடம் கர்ப்பிணித் தாய்மாருக்கும், அவர்களுடைய கணவன்மாருக்கும், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் உரியது. கர்ப்ப காலத்தில் இன்புளுவென்சா தடுப்பூசி போடுவதா, விடுவதா என்று முடிவெடுக்கத் தேவையான விடயங்களை இதில் தருகின்றோம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை போன்ற நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் நீண்ட காலம் வாழ்ந்தன. மயிலிட்டியில் துறைமுகத்தை அண்டிய பகுதி விடுவிக்கப்பட்டது 2017 யூலை 3 இல். இடம்பெயர்ந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர், திரும்பி வரும்போது தானே தாயாகி வந்தார்.

அப்படி வந்த ஒரு குடும்பம் தற்காலிகக் கொட்டிலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே அறையில் ஆறு பேர். மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. மழை தொடங்கிவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தடிமன், காய்ச்சல். கர்ப்பிணிகள் இன்புளுவென்சா ஊசி போடுவது நல்லது என்று யாரோ சொன்னதை மருமகள் வீட்டில் சொல்கிறார்.

“வயித்திலை பிள்ளை இருக்கேக்கை உந்த ஊசியெல்லாம் போடக்கூடாது பிள்ளை. நாங்கள் போட்டே பெத்தனாங்கள்?” என்கிறார் மாமி.

“ஏற்பு ஊசி போட்டனான்தானே மாமி. இதுவும் அப்பிடித்தானே?” என்கிறார் மருமகள்.

மாமியின் கவலை பிள்ளையைப் பற்றியது. மருமகளின் கேள்வியும் நியாயமானது. இருவருக்கும் சரியான தகவல்தான் தேவை.

இன்புளுவென்சா சாதாரண தடிமனா?

இல்லை. தடிமன் மூக்கோடு நின்றுவிடும். இன்புளுவென்சா ஒரு வைரசு நோய். திடீரென்று கடும் காய்ச்சல், உடல் உளைவு, தலையிடி, வறட்டு இருமல் என்று ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். இருமும்போதும் தும்மும்போதும் பரவும். ஒரே அறையில் பலர் படுக்கும் வீடுகளில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு விரைவில் தொற்றும். இலங்கையில் இது ஆண்டுக்கு இரண்டு தடவை கூடும்: ஏப்ரல் முதல் யூன் வரை ஒன்று, நவம்பர் முதல் சனவரி வரை மற்றது. இரண்டாவது காலம் எங்கள் மாரிமழைக் காலமாகும்.

பெரும்பாலானோருக்கு ஒரு வாரத்தில் சுகமாகிவிடும். கர்ப்பிணிக்கு ஆபத்து கூடுதலாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் உடலின் நோயெதிர்ப்பு முறையில் மாற்றம் ஏற்படுகிறது. வளரும் கருப்பை மேல்நோக்கி அழுத்துவதால் நுரையீரல் விரிவதற்கு இடம் குறைகிறது. இதயமும் கூடுதலாக உழைக்கிறது. இந்த நிலையில் நியூமோனியா வந்தால் தாய் விரைவில் மூச்சுத் திணறலுக்கு உள்ளாகலாம். குழந்தை காலத்துக்கு முன்னர் பிறக்கவும் கூடும். 2009 இல் எச்1என்1 இன்புளுவென்சா உலகெங்கும் பரவியபோது, ஐக்கிய அமெரிக்காவின் மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் நூற்றுக்கு ஒருவர் மட்டுமே. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களில் நூற்றுக்கு ஐவர் கர்ப்பிணிகளாக இருந்தனர். பிள்ளை பிறந்து முதல் இரண்டு வாரங்களிலும் தாய்க்கு இந்த ஆபத்து தொடரும்.

தடுப்பூசி என்ன செய்யும்?

கர்ப்பிணிகளுக்குக் கையில் போடப்படும் இன்புளுவென்சா தடுப்பூசியில் உயிருள்ள வைரசு இல்லை. ஆகவே ஊசியால் தாய்க்கோ வயிற்றிலுள்ள பிள்ளைக்கோ இன்புளுவென்சா வராது. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் இதைப் போடலாம். உலக சுகாதார நிறுவனம் 2012 இல் இந்தத் தடுப்பூசிக்கான முன்னுரிமைப் பட்டியலில் கர்ப்பிணித் தாய்மாரை முதலிடத்தில் வைத்தது.

இதனால் பிள்ளைக்கும் பயனுண்டு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இன்புளுவென்சா தடுப்பூசி போட முடியாது. தாய் கர்ப்ப காலத்தில் போட்டுக்கொண்டால், அவருடைய உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குச் செல்கிறது. எங்களைப் போன்ற மழையும் நெருக்கமும் உள்ள நாடான பங்களாதேசத்தில் 340 தாய்மாரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2008 இல் வெளியானது. ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளிடையே, பரிசோதனையில் உறுதிசெய்யப்பட்ட இன்புளுவென்சா 63 சதவீதம் குறைவாக இருந்தது.

என்ன செய்யாது?

தடுப்பூசி போட்ட எல்லோரையும் அது முழுமையாகக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் செல்லும். வைரசு மாறிக்கொண்டே இருப்பதால் சென்ற ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. தடிமன், டெங்கு, எலிக்காய்ச்சல் என்பவற்றை இது தடுக்காது.

ஊசி போட்ட இடத்தில் நோவு, சிவப்பு, சிறிது காய்ச்சல், உடல் அலுப்பு என்பன ஓரிரு நாட்களுக்கு இருக்கலாம். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் ஊசி போட்ட பின் சிறிது நேரம் அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள். முன்னர் ஏதாவது ஊசிக்கோ முட்டைக்கோ கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால், அல்லது கைகால் சோர்ந்து செயலிழக்கும் நரம்பு நோய் வந்திருந்தால், போடுவதற்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லுங்கள். அன்று கடும் காய்ச்சல் இருந்தால் ஊசியைப் பின்போடுவார்கள்.

மூன்று ஊசிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

ஏற்புவலித் தடுப்பூசி: கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் இலவசமாகப் போடப்படுகிறது. முந்திய ஊசிகளின் பதிவைப் பார்த்தே எத்தனை தேவை என்று தீர்மானிப்பார்கள். இதைத் தவறவிடக் கூடாது.

ருபெல்லா அடங்கிய தடுப்பூசி: இதில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரசு உண்டு. கர்ப்பம் தரித்த பின்னர் இது போடப்படுவதில்லை. “கர்ப்பிணிக்கு ஊசி கூடாது” என்ற பேச்சு ஊரில் உலாவுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கர்ப்பம் என்று தெரியாமல் போட்டிருந்தால் பயந்து எதுவும் செய்துவிடாமல் வைத்தியரிடம் தெரிவியுங்கள்.

இன்புளுவென்சா தடுப்பூசி: கர்ப்ப காலத்தில் போடலாம். ஆனால் இது எங்கள் நாட்டின் வழமையான தேசிய நோய்த்தடுப்பு அட்டவணையில் இல்லை. ஆகவே கிளினிக்கில் தானாகத் தரப்படும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

செலவைப் பற்றி

தனியார் வைத்தியசாலைகளில் இந்த ஊசிக்குப் பணம் செலுத்த வேண்டும். மீளக் குடியேறும் குடும்பத்துக்கு அது சிறிய தொகையல்ல. முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, அரச வழியில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். தொய்வு, இதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ள கர்ப்பிணியாயின் ஊசியின் தேவை இன்னும் கூடுதல். அதை வைத்தியரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். வாங்க வசதியில்லாவிட்டால் தாய் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. பாதுகாப்புக்கு வேறு வழிகளும் உண்டு. காய்ச்சல்காரரைக் கர்ப்பிணியிடமிருந்து தள்ளிப் படுக்க வையுங்கள். சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். கொட்டிலின் யன்னல், கதவைப் பகலில் திறந்து வையுங்கள். இருமுபவர் வாயை மூடிக்கொள்ளட்டும்.

பதிவு இல்லாத ஊசி மறந்துபோகும்

இடம் மாறி வந்த தாய், கர்ப்பிணிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு புதிய பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே பதிவுசெய்ய வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து திரும்பியவர்கள் அங்கு தந்த அட்டையையும் காட்டுங்கள். பதிவேடு தொலைந்திருந்தால் அதற்காகக் கூச்சப்பட்டு கிளினிக்குக்குப் போகாமல் இருக்க வேண்டாம். புதியது எழுதித் தருவார்கள். தனியாரிடம் ஊசி போட்டால் திகதியையும் ஊசியின் பெயரையும் பதிவேட்டில் எழுதுவியுங்கள்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும்: காய்ச்சல் காத்திருக்காது

கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மாரியில் இன்புளுவென்சா, டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கலாம். 2024 திசெம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவி உயிர்களைக் குடித்த காய்ச்சல், எலிக்காய்ச்சல் என்று பரிசோதனைகளின் பின்னரே தெரியவந்தது. வைத்தியர்களுக்கே பரிசோதனை தேவைப்படும்போது, வீட்டிலிருந்து நாங்கள் பெயர் வைக்க முடியாது.

இன்புளுவென்சாவுக்கு ஒசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு. நோய் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் தரும். “இரண்டு நாள் பார்ப்போம்” என்று இருந்தால் அந்த நேரம் போய்விடும். வைத்தியசாலைக்குப் போகும்வரை பரசிட்டமோல் மட்டும் எடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன் எடுக்க வேண்டாம்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ, மயக்கம், ஓயாத வாந்தி, பிள்ளையின் அசைவு குறைதல், வயிற்று நோ, இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். புதிய குடியேற்றத்தில் வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லாமல் இருக்கலாம். அருகிலுள்ள கோயில், தேவாலயம், பாடசாலை ஆகியவற்றில் ஒன்றை அடையாளமாகச் சொல்ல வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே பழகி வையுங்கள்.

வீட்டில் பேசுவதற்கு

1. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் யார்? கிளினிக் எந்த நாளில், எங்கே நடக்கிறது?
2. மழைக்காலம் தொடங்க இன்னும் எத்தனை வாரம் உண்டு? ஊசி போடுவதாயின் எப்போது போடுவது நல்லது?
3. கர்ப்பிணிக்கு வேறு நோய், ஒவ்வாமை உண்டா? அது பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளதா?
4. இரவில் காய்ச்சல் வந்தால் யார் கூடப் போவது? மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

மாமியையும் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். அவருடைய சந்தேகத்தை அவரே குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கட்டும். பதிலைக் கேட்ட பிறகு ஊசி போடுவதா இல்லையா என்ற முடிவு தாயினுடையது. எந்த முடிவை எடுத்தாலும் அதனைச் செயற்படுத்த உதவுவது வீட்டாரின் பொறுப்பு.